சிப்பியின் கொழுப்பும் நிறமும்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

எண்ணூர்க் கழிமுகத்திலிருந்தோ சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்திலிருந்தோ வந்த பச்சைச் சிப்பியைத் (பெர்னா விரிடிஸ்) திறந்து பாருங்கள். பெண் சிப்பியின் மேலுறைச் சதை செங்கல் நிறத்தில் இருக்கும். ஆணுடையது பாலேடு போல வெளிறியிருக்கும். அந்த நிறத்தையும் அதனோடு கலந்திருக்கும் கொழுப்பையும் அளப்பதுதான் நம் வேலை. வேலை தொடங்கிய சில நாட்களிலேயே ஏதாவது ஒன்று கோணும். கரைசல் பிரியாது, எடை நிலைக்காது, வரைபடத்தில் பெயர் தெரியாத முகடு ஒன்று எழும்பி நிற்கும்.

இந்தத் துறையில் ஆண்டுக்கணக்காகக் கை நனைத்த பிறகு, எந்தக் கோணலைக் கண்டாலும் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இதைச் செய்தது சிப்பியா, நானா? கருவியைச் சந்தேகிப்பது அதற்குப் பிறகுதான். கீழே உள்ள அறிகுறிகளையெல்லாம் அந்தக் கேள்வியை மனதில் வைத்துப் படியுங்கள்.

அடிப்படை முறை இது. ஒரு கிராம் ஈரச் சதைக்கு 20 மி.லி. குளோரோஃபார்ம்–மெத்தனால் கலவை (2:1), அதில் 0.01 சதவீதம் பி.ஹெச்.டி. (BHT) என்னும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான். அரைத்து, வடிகட்டி, 4 மி.லி. பொட்டாசியம் குளோரைடு கரைசல் (0.88 சதவீதம்) சேர்த்தால் இரண்டு அடுக்காகப் பிரியும். கீழடுக்கில் கொழுப்பும் நிறமியும் இருக்கும். 1957-இல் ஃபோல்ச், லீஸ், ஸ்லோன் ஸ்டான்லி மூவரும் வெளியிட்ட முறையின் வழிவந்தது இது.

அறிகுறி: கரைசல் இரண்டாகப் பிரியவில்லை, அல்லது நடுவில் வெள்ளைக் கூழ் நிற்கிறது

முதலில் கணக்கைப் பாருங்கள். பிரிந்து முடிந்த நிலையில் குளோரோஃபார்ம், மெத்தனால், தண்ணீர் மூன்றும் 8:4:3 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். 20 மி.லி. கலவையில் குளோரோஃபார்ம் ஏறத்தாழ 13.3 மி.லி.; மெத்தனால் 6.7 மி.லி. அப்படியானால் தண்ணீர் 5 மி.லி. வேண்டும். நாம் ஊற்றியதோ 4 மி.லி.தான். மிச்சத்தைத் தருவது சிப்பி. அதன் சதையில் ஐந்தில் நான்கு பங்கு நீர் என்பதால், ஒரு கிராம் சதையோடு 0.8 மி.லி. தண்ணீரும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

உறைநிலையில் உலர்த்திய தூளை எடுத்தவர்கள் தடுமாறுவது இங்கேதான். தூளில் நீர் இல்லை. முறை அதை எதிர்பார்க்கிறது. 0.2 கிராம் தூளுக்கு 0.8 மி.லி. தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்த பிறகே கரைப்பானை ஊற்றுங்கள். உலர்ந்த தூளுக்குள் கரைப்பான் எளிதில் நுழையாது என்பதும் இதற்கு ஒரு காரணம்.

ஒரே அடுக்காகத் தெளிவாக நின்றால் தண்ணீர் போதவில்லை அல்லது மெத்தனால் மிகுந்துவிட்டது. அரை மி.லி. அரை மி.லி.யாக உப்புக் கரைசல் சேர்த்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கலங்கும். அதன்பின் பிரியத் தொடங்கும். நடுவில் கூழ் நின்றால் அது பெரும்பாலும் புரதம். வெறும் தண்ணீரால் கழுவியிருந்தால் கூழ் கட்டாயம் வரும். உப்பு சேர்ப்பதே அதைத் தடுக்கத்தான். குழாயைக் குலுக்கியிருந்தால் இனிமேல் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். சென்ட்ரிஃபியூஜில் குறைந்த வேகத்தில் பத்து நிமிடம் சுற்றினால் கூழ் மெல்லிய வட்டாகப் படிந்துவிடும். குழாய் கண்ணாடியாக இருக்கட்டும், மூடியின் உட்புறம் டெஃப்லானாக இருக்கட்டும். சாதாரண பிளாஸ்டிக் குழாயைக் குளோரோஃபார்ம் கரைத்துவிடும். கரைந்த பிளாஸ்டிக் உங்கள் கொழுப்போடு சேர்ந்து எடையில் ஏறும்.

அறிகுறி: கொழுப்பின் அளவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு

எந்த முறையைப் பயன்படுத்தினீர்கள்? 1959-இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் பிளையும் டையரும் உருவாக்கிய முறை கரைப்பானைச் சிக்கனப்படுத்துகிறது. அதனால் பல ஆய்வகங்களில் அதுவே வழக்கம். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது காட் மீனின் தசை. அதில் கொழுப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஈர எடையில் இரண்டு சதவீதத்தைத் தாண்டினால் அந்த முறை குறைத்துக் காட்டும் என்பதை ஐவர்சனும் உடனாய்வாளர்களும் 2001-இல் ஃபோல்ச் முறையோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். மேலுறையும் செரிமானச் சுரப்பியும் முட்டைப் பருவத்தில் அந்த எல்லையைத் தாண்டக்கூடியவை. ஓடு மூடும் தசையை மட்டும் ஆய்வு செய்கிறீர்கள் என்றால் பிளை–டையர் முறையே போதும்.

சந்தேகத்தைத் தீர்க்க எளிய வழி உண்டு. வடிகட்டியில் தங்கிய சக்கையை எறியாமல் மறுபடி கரைப்பானில் ஊறவைத்து எடையிடுங்கள். இரண்டாம் முறையிலும் குறிப்பிடத்தக்க கொழுப்பு வந்தால் முதல் முறை போதவில்லை. வராவிட்டால் பிழை வேறெங்கோ இருக்கிறது.

அந்த வேறிடம் பல சமயம் தராசுதான். சிப்பி தன் மடிப்புகளுக்குள் கடல்நீரைப் பிடித்து வைத்திருக்கும். வடிதாளில் ஒற்றி எடுக்காமல் நிறுத்தால், எடையில் ஒரு பகுதி வெறும் உப்புத் தண்ணீர். ஒருவர் ஒற்றி நிறுத்து, இன்னொருவர் ஒற்றாமல் நிறுத்த அளவுகளை ஒரே அட்டவணையில் போட்டால் அந்த அட்டவணைக்கு மதிப்பில்லை. ஒவ்வொரு தொகுதியிலும் கொஞ்சம் சதையைத் தனியாக உலர்த்தி ஈரப்பதம் கண்டு, முடிவை உலர் எடையிலும் எழுதிவையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் குறைவாக இருந்தால், சிப்பியே அப்படித்தான் இருக்கிறது. முட்டையிட்டு முடித்த பெண் சிப்பியில் சேமிப்புக் கொழுப்பு வற்றிப்போயிருக்கும். ஆண், பெண், பால் தெரியாதது என்று திறக்கும்போதே குறித்துக்கொள்ளாதவர்களுக்குப் பிற்பாடு இதைப் பிரித்தறிய வழியே இல்லை. மேலுறையின் நிறத்தைப் பார்த்து எழுத ஐந்து நொடி போதும். அந்த ஐந்து நொடியை மிச்சப்படுத்தியதால் ஒரு பருவத்தின் மாதிரிகள் முழுவதும் பயனற்றுப்போனதை நான் பார்த்திருக்கிறேன். இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

அறிகுறி: எடை அதிகம், நிறுக்க நிறுக்க மாறுகிறது

குறைந்துகொண்டே போனால் கரைப்பானோ தண்ணீரோ மிச்சம் இருக்கிறது. கீழடுக்கை நீரற்ற சோடியம் சல்ஃபேட் வழியாகச் செலுத்தி, 40 டிகிரிக்கு மேல் போகாமல் நைட்ரஜன் ஓட்டத்தில் உலர்த்துங்கள். கூடிக்கொண்டே போனால் கொழுப்பு ஆக்சிஜனை ஏற்கிறது. உடனே குளோரோஃபார்மில் கரைத்து உறைவிப்பானில் வையுங்கள். குப்பியின் அடியில் வெண்துகள் தெரிந்தால் சிறிது குளோரோஃபார்ம் விட்டுப் பாருங்கள். கரையாதது உப்போ புரதமோதான். தெளிந்ததை மட்டும் வேறு குப்பிக்கு மாற்றி மறுபடி நிறுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 0.01 சதவீத பி.ஹெச்.டி. என்பது 100 மி.லி.க்கு 10 மில்லிகிராம். நாம் ஊற்றிய 20 மி.லி.யில் 2 மில்லிகிராம். ஒரு கிராம் சிப்பிச் சதையிலிருந்து கிடைப்பது 15 மில்லிகிராம் கொழுப்பு என்றால், இந்த 2 மில்லிகிராம் பதின்மூன்று சதவீதப் பிழை! நைட்ரஜன் ஓட்டத்தில் ஒரு பகுதி பறந்துபோகும் என்பதால் கணக்கிட்டுக் கழிப்பதும் சரியாக வராது. சதை சேர்க்காத வெற்றுக் குழாய் ஒன்றை எல்லாப் படிகளிலும் கூடவே நடத்தி, அதில் தங்கும் எடையைக் கழிப்பதே நேர்மையான வழி. வெற்று மாதிரி நடத்தாத எடை அளவை நான் நம்புவதில்லை.

அறிகுறி: வனிலின் முறை ஒன்று சொல்கிறது, தராசு வேறொன்று சொல்கிறது

சிறிய மாதிரிகளுக்குக் கந்தக அமிலம்–பாஸ்பாரிக் அமிலம்–வனிலின் நிறமுறை வசதியானது. கடல் உயிரிகளில் அதன் பயன்பாட்டை பார்ன்ஸும் பிளாக்ஸ்டாக்கும் 1973-இல் விரிவாக ஆராய்ந்தார்கள். இளஞ்சிவப்பு நிறம் வருவதற்குக் கொழுப்பில் இரட்டைப் பிணைப்பு வேண்டும். நிறைவுற்ற கொழுப்பு அமிலம் ஏறக்குறைய நிறமே தராது. ஆலிவ் எண்ணெயைத் திட்டமாக (ஒப்பிட்டு அளக்கும் அளவுப்பொருளாக) வைத்து அளவுகோடு வரைந்தால் சிப்பிக் கொழுப்புக்கு அது பொருந்தாமல் போவதில் வியப்பில்லை. முன்பே ஃபோல்ச் முறையில் எடுத்து நிறுத்து வைத்த சிப்பிக் கொழுப்பையே திட்டமாக வையுங்கள். இரண்டு அளவுகளும் நெருங்கி வரும். செம்மஞ்சள் நிறமிகளான கரோட்டினாய்டுகளும் அடர் கந்தக அமிலத்தில் நிறம் காட்டும். எனவே செந்நிறப் பெண் சிப்பிகளுக்கு வனிலின் சேர்க்காத, அமிலம் மட்டும் சேர்த்த குழாய் ஒன்றும் வேண்டும்.

அறிகுறி: டி.எல்.சி. (மென்படல நிறப்பிரிகை) தகட்டில் கட்டற்ற கொழுப்பு அமிலப் பட்டை தடித்திருக்கிறது

ஹெக்சேன்–டைஎத்தில் ஈதர்–அசெட்டிக் அமிலம் 80:20:1 என்ற கலவையில் ஓட்டினால் மேலிருந்து கீழாக ஸ்டெரால் எஸ்டர், ட்ரைகிளிசரைடு, கட்டற்ற கொழுப்பு அமிலம், ஸ்டெரால் என்று வரிசை அமையும்; பாஸ்போலிப்பிடுகள் புள்ளி வைத்த இடத்திலேயே தங்கும். நல்ல நிலையில் உள்ள புதுச் சிப்பியில் கட்டற்ற கொழுப்பு அமிலப் பட்டை மங்கலாகத்தான் இருக்க வேண்டும். அது தடித்துத் தெரிந்தால் நாம் தலைகுனிந்து நம் உறைவிப்பானைப் பார்க்க வேண்டும்.

சிப்பி இறந்த பிறகும் அதன் நொதிகள் இறப்பதில்லை. செரிமானச் சுரப்பியில் உள்ள லைப்பேஸும் பாஸ்போலைப்பேஸும் கொழுப்பை வெட்டிக்கொண்டே இருக்கும். மைனஸ் 20 டிகிரி அவற்றை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. உருகி மறுபடி உறைந்த மாதிரி இன்னும் மோசம்: பனிப்படிகங்கள் உயிரணுவைக் கிழிப்பதால் நொதியும் கொழுப்பும் நேருக்கு நேர் சந்தித்துவிடுகின்றன. வார இறுதியில் மின்சாரம் போய், திங்கட்கிழமை மீண்டும் கல்லாக உறைந்து கிடக்கும் மாதிரி வெளிப்பார்வைக்கு மாறாததுபோலவே இருக்கும். அதனால் ஒரு சிறு குப்பியில் நீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்து, மாதிரிகளுக்கு நடுவில் விட்டுவிடுங்கள். நாணயம் பனிக்கட்டிக்குள் மூழ்கியிருந்தால் இடையில் உருகியிருக்கிறது என்று பொருள்.

இது சிப்பியின் இயல்பா, சேமிப்பின் கோளாறா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமா? உயிரோடு இருக்கும் சிப்பி ஒன்றைத் திறந்து, சதையை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியைத் திறந்த கையோடு குளிர்ந்த கரைப்பானில் போடுங்கள். மறுபாதியை உங்கள் வழக்கம்போல் சேமித்து எடுங்கள். ஒரே தகட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினால் விடை கண்முன் நிற்கும். பாஸ்போலிப்பிடுகளைத் தனியாக ஓட்டும்போது லைசோபாஸ்ஃபடைடில் கோலின் (ஒரு கொழுப்பு அமிலத்தை இழந்த பாஸ்போலிப்பிடு) பட்டை தெரிவதும் இதே கதையைத்தான் சொல்கிறது.

செய்ய வேண்டியது எளிது: படகிலிருந்து ஆய்வகம்வரை சிப்பியை உயிரோடு, ஈரச் சாக்கில் குளிர்ச்சியாகக் கொண்டுவாருங்கள்; திறந்தவுடன் கரைப்பானில் போடுங்கள். முடியாவிட்டால் திரவ நைட்ரஜனில் உறையவைத்து மைனஸ் 80-இல் வையுங்கள். அதுவும் இல்லாத இடத்தில், கொதிக்கும் ஐசோபுரோபனாலில் சதையைச் சிறிது நேரம் இட்டு நொதியைக் கொன்றுவிட்டு வேலையைத் தொடரலாம். திறந்த சுடர் வேண்டாம், வெந்நீர்த் தொட்டியில் சூடாக்குங்கள்.

பட்டை தடிக்காமல் இழுபட்டு வால் நீண்டிருந்தால் அது வேறு பிழை. கலவையில் அசெட்டிக் அமிலம் விட்டுப்போயிருக்கும். தகடு ஈரத்தை உறிஞ்சியிருந்தால் எல்லாப் பட்டைகளும் வழக்கத்தைவிட மேலே ஏறும். கடலோர ஊர்களின் காற்றில் இது அடிக்கடி நடக்கும். 110 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து எடுத்துப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: ஜி.சி. (வாயு நிறப்பிரிகை) வரைபடத்தில் பெயர் தெரியாத முகடுகள்

மீன் எண்ணெய்த் திட்டக் கலவையை வைத்துக்கொண்டு சிப்பியின் வரைபடத்தைப் படிக்கிறவர்கள் கட்டாயம் இங்கே நிற்பார்கள். சிப்பி மீன் அல்ல. மீனில் பெரும்பாலும் காணாத பொருள்கள் அதில் உண்டு. அவற்றை அழுக்கு என்று நினைத்துத் தள்ளிவிடுவதுதான் பெரிய இழப்பு.

16:0, 18:0 (முதல் எண் கார்பன்கள், இரண்டாவது இரட்டைப் பிணைப்புகள்) முகடுகளுக்குச் சற்று முன்னால் தெரியும் முகடுகளை முதலில் எடுத்துக்கொள்வோம். சிப்பிகளில் பிளாஸ்மலோஜன் என்ற வகைப் பாஸ்போலிப்பிடுகள் மிகுதி. கொழுப்பு அமிலங்களை மெத்தில் எஸ்டராக மாற்ற அமில மெத்தனாலில் சூடாக்கும்போது அவற்றிலிருந்து டைமெத்தில் அசிட்டால்கள் உருவாகின்றன. பெயர் தெரியாதவர்கள் இவற்றைக் கிளைத்த கொழுப்பு அமிலம் என்றோ 17 கார்பன் அமிலம் என்றோ எழுதிவிடுகிறார்கள். நிறை நிறமாலை இருந்தால் ஒரே பார்வையில் தெரியும்: நிறைவுற்ற மெத்தில் எஸ்டருக்கு முதன்மை முகடு 74-இல், டைமெத்தில் அசிட்டாலுக்கு 75-இல். நிறை நிறமாலை இல்லாவிட்டால், அதே மாதிரியைச் சோடியம் மெத்தாக்சைடு கொண்டு கார முறையில் மாற்றி ஓட்டுங்கள். காரத்தில் அசிட்டால் உருவாகாது. சந்தேக முகடு மறைந்துவிடும். ஆனால் கட்டற்ற கொழுப்பு அமிலத்தைக் கார முறை எஸ்டராக மாற்றாது என்பதை மறக்க வேண்டாம். இதைச் சோதனைக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூல மூலக்கூறைச் சிப்பி செய்தது, அசிட்டாலை நாம் செய்தோம். அதை அப்படியே அட்டவணையில் ஒரு தனி வரியாக எழுதுங்கள். பிளாஸ்மலோஜன் எவ்வளவு இருந்தது என்பதற்கு அது சாட்சி.

அடுத்து, 20 கார்பன், 22 கார்பன் பகுதிகளில் திட்டக் கலவையின் எந்தப் பெயரோடும் ஒத்துவராத சிறு முகடுகள். இரண்டு இரட்டைப் பிணைப்புகள் உண்டு, ஆனால் வழக்கம்போல் நடுவில் ஒரு கார்பன் விட்டு அமையாமல் வெகுதூரம் தள்ளி அமைந்தவை: 5,11-இலும் 5,13-இலும் பிணைப்புள்ள 20:2, 7,13-இலும் 7,15-இலும் பிணைப்புள்ள 22:2. மெல்லுடலிகள் தம் உடலுக்குள்ளேயே உருவாக்கிக்கொள்ளும் அமிலங்கள் இவை. சாதாரண மெத்தில் எஸ்டரின் நிறை நிறமாலை பிணைப்பின் இடத்தைக் காட்டாது. டைமெத்தில் ஆக்சசோலின் வழிப்பொருளாக மாற்றி ஓட்டினால் இடம் தெரியும். இவை வெளியிலிருந்து வந்த அழுக்கு அல்ல, சிப்பியின் கையெழுத்து. ஒவ்வொரு முறை இவற்றைப் பார்க்கும்போதும் எனக்கு மகிழ்ச்சிதான்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். தொடக்கப் பகுதியில் கூராக நிற்கும் ஒற்றை முகடு பி.ஹெச்.டி.யாக இருக்கும், நிறை நிறமாலையில் 205 தெரியும். 149 தெரிந்தால் பிளாஸ்டிக்கிலிருந்து வந்த தாலேட்டு. கடைசி எஸ்டர்களுக்கும் பிறகு தாமதமாக வரும் அகன்ற முகடு, அமிலத்தில் கொலஸ்ட்ரால் நீரிழந்து உருவான கொலஸ்டாடையீனாக இருக்கலாம். வெற்று மாதிரியிலும் தெரிகிற முகடு எதுவாயினும் அது சிப்பியுடையது அல்ல. போரான் ட்ரைஃபுளோரைடு மெத்தனால் பழையதாகிவிட்டால் இல்லாத முகடுகளை அதுவே உண்டாக்கும். குளிரில் வையுங்கள், காலாவதியானதைத் தொடாதீர்கள். உள்திட்டமாக (தெரிந்த அளவில் நாமே சேர்க்கும் ஒப்பீட்டுப் பொருளாக) 17:0 வேண்டாம். சிப்பியிலேயே அது உண்டு. 19:0 அல்லது 23:0 பொருத்தம்.

அறிகுறி: இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. (ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள்) முகடுகள் வாரந்தோறும் சுருங்குகின்றன

20:5-ஐ, அதாவது இ.பி.ஏ.வை, 16:0-ஆல் வகுத்துக் கிடைக்கும் எண்ணை நாள்தோறும் ஒரு தாளில் குறித்துவாருங்கள். மாதிரிகளில் அது இறங்கி, அதே நாளில் ஓட்டிய திட்டக் கலவையில் இறங்காவிட்டால், உங்கள் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைகிறது. இரண்டிலும் இறங்கினால் கருவியின் நுழைவாய் அழுக்கு. கண்ணாடிக் குழலை மாற்றுங்கள், பத்தியின் (பொருள்களைப் பிரிக்கும் குழலின்) தலைப்பகுதியைச் சிறிது வெட்டுங்கள். கரைப்பானில்லாமல் உலர்ந்த படலமாகக் கொழுப்பை ஓர் இரவுகூட வைக்கக் கூடாது.

அறிகுறி: நிறமிச் சாறு பச்சையாக இருக்கிறது

சிப்பி தின்ற பாசியின் நிறம் அது. 665 நானோமீட்டர் அருகே முகடு இருந்தால் குளோரோஃபில்லின் சிதைவுப் பொருள்கள், ஃபியோஃபைட்டின் வகையைச் சேர்ந்தவை, உள்ளே இருக்கின்றன. அவற்றின் இன்னொரு வலுவான முகடு 410 அருகே எழுந்து கரோட்டினாய்டு அளவையும் உயர்த்திவிடும். வடிகட்டிய கடல்நீரில் ஒன்று அல்லது இரண்டு நாட்கள் தீனியில்லாமல் வைத்து, கழிவு கழிந்த பின் திறங்கள். நீங்கள் தேடுவது மேலுறை நிறமி என்றால் செரிமானச் சுரப்பியைச் சிதைக்காமல் வெட்டி ஒதுக்குவது அதைவிட முக்கியம்.

அறிகுறி: சாற்றின் நிறம் கண்ணெதிரே வெளிறுகிறது

குளோரோஃபார்ம் பழையதா என்று பாருங்கள். ஒளியும் காற்றும் பட்ட குளோரோஃபார்மில் ஹைட்ரஜன் குளோரைடும் ஃபாஸ்ஜீனும் உருவாகும். இரண்டாவது நச்சுவாயு; முதலாவது நிறமிக்கு எதிரி. டையாட்டம் பாசியிலிருந்து சிப்பிக்குள் வரும் ஃபியூகோசாந்தினில் எப்பாக்சைடு வளையம் உண்டு. சிறிதளவு அமிலம் பட்டாலும் அது ஃபியூரான் வடிவத்துக்கு மாறிவிடும். நிறமாலை முகடு குறைந்த அலைநீளத்துக்கு நகரும். சிறிது குளோரோஃபார்மைத் தண்ணீரோடு குலுக்கி, தண்ணீரை லிட்மஸ் தாளால் சோதித்தாலே அமிலம் தெரிந்துவிடும். நிறமிக்கு மட்டும் என்றால் அசெட்டோனையே பயன்படுத்துங்கள். ஈதர், டெட்ராஹைட்ரோஃபியூரான் இரண்டிலும் பெராக்சைடு சேரும். அதுவும் நிறத்தை அழிக்கும். மங்கிய ஒளி, பழுப்புக் கண்ணாடி, பனிக்கட்டித் தட்டு, இவ்வளவும் வேண்டும்.

அறிகுறி: சோப்பாக்கிய (காரத்தால் எஸ்டரைப் பிரித்த) பின் வேறு நிறமி தோன்றியிருக்கிறது

நான் தொடக்கத்தில் சொன்ன கேள்வியை இந்தத் துறையே ஒருமுறை எதிர்கொண்டிருக்கிறது. 1933-இல் வேதியியலாளர்கள் ரிச்சர்ட் கூனும் எட்கர் லெடரரும் கல் இறாலின் செந்நிறப் பொருளைப் பிரித்து அதற்கு அஸ்டசின் என்று பெயரிட்டார்கள். 1938-இல் கூனும் சோரன்சனும் உண்மையை விளக்கினார்கள்: இறாலில் இயல்பாக இருப்பது அஸ்டாசாந்தின், காரமும் ஆக்சிஜனும் சேர்ந்து அதை அஸ்டசினாக மாற்றிவிடுகின்றன. ஆய்வகம் உருவாக்கிய பொருளை உயிரியின் பொருள் என்று எண்ணியிருந்தார்கள். அவ்வளவு பெரிய கைகளுக்கே நேர்ந்தது நமக்கும் நேரலாம்.

எனவே இறால், நண்டு மாதிரிகளைக் காற்று படும்படி பொட்டாஷில் சோப்பாக்காதீர்கள். இறாலில் அஸ்டாசாந்தின் தனியாகவும், ஒன்று அல்லது இரண்டு கொழுப்பு அமிலங்களோடு எஸ்டராகவும் இருக்கும். எஸ்டரைப் பிரிக்கக் கொலஸ்ட்ரால் எஸ்டரேஸ் நொதியை 37 டிகிரியில், நடுநிலைத் தாங்கல் கரைசலில் பயன்படுத்துங்கள். செலவு கூடுதல்தான், ஆனால் நிறமி மாறாது. சிப்பியில் உள்ள ஃபியூகோசாந்தினும் காரத்தைத் தாங்காது. கலிஃபோர்னியச் சிப்பியில் 1940-இல் ஷீர் கண்டறிந்த மைட்டிலோசாந்தின் போன்றவை அந்த ஃபியூகோசாந்தினிலிருந்தே உடலுக்குள் உருவாகின்றன. எனவே சோப்பாக்காத சாறு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஓட்டாமல் எந்தப் பெயரையும் எழுதாதீர்கள்.

அறிகுறி: நண்டு ஓட்டின் நிறமி கரைய மறுக்கிறது

அந்த நீலப்பச்சை நிறமும் அஸ்டாசாந்தின்தான், புரதத்தோடு பிணைந்திருக்கிறது. கல் இறாலின் கிரஸ்டசயனின் என்ற நிறமிப் புரதத்தில் இந்தப் பிணைப்பு நிறமியின் முகட்டை 630 நானோமீட்டர் அருகே தள்ளிவிடுகிறது. ஹெக்சேன் மட்டும் ஊற்றினால் புரதம் விடாது. முதலில் அசெட்டோனோ மெத்தனாலோ ஊற்றிப் புரதத்தைக் குலையுங்கள். நண்டை வேகவைக்கும்போது சிவப்பது போலவே கண்ணாடிக் குடுவைக்குள்ளும் சிவக்கும்.

அறிகுறி: ஹெச்.பி.எல்.சி.யில் (உயர் அழுத்தத் திரவ நிறப்பிரிகையில்) ஒரு நிறமி இரண்டாகப் பிளந்து வருகிறது

எல்லா முகடுகளும் ஒரேபோல் பிளந்திருந்தால் மாதிரியைக் கரைத்த திரவம், அதைப் பத்தி வழியே கொண்டுசெல்லும் நகர்கரைப்பானைவிட வலுவானது. நகர்கரைப்பானிலேயே கரைத்துக் குறைவாகச் செலுத்துங்கள். ஒன்று மட்டும் பிளந்து, சிறிய பகுதியின் நிறமாலையில் 330–340 பகுதியில் கூடுதல் மேடு தெரிந்தால் அது சிஸ் வடிவம் (இரட்டைப் பிணைப்பில் வளைந்த மூலக்கூறு). சூடும் ஒளியும் பட்டதன் அடையாளம். சிஸ் வடிவங்களைப் பிரிக்க சி-30 பத்தி சி-18ஐவிட மேல். இறாலில் கூட்டமாகப் பத்துக்கும் மேற்பட்ட முகடுகள் வந்தால் அவை எஸ்டர்கள். கொழுப்பு அமிலம் மாற மாற இடம் மாறும்.

அறிகுறி: உங்கள் நிறமி அளவு மற்றவருடைய அளவோடு பொருந்தவில்லை

இருவரும் எந்த எண்ணால் வகுத்தீர்கள் என்று கேளுங்கள். ஒரு சதவீதக் கரைசலின் ஒளியுறிஞ்சு மதிப்பாக, மொத்தக் கரோட்டினாய்டுக்கு 2500 வழக்கம், அஸ்டாசாந்தினுக்கு 2100. ஒரே மாதிரிக்கு இந்த இரண்டு எண்களைப் பயன்படுத்தினால் விடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேறுபடும். கரைப்பான் மாறினால் முகடும் நகரும்: ஹெக்சேனில் 450-இல் நிற்கும் பீட்டா கரோட்டின் குளோரோஃபார்மில் 460-ஐத் தாண்டும். எண், கரைப்பான், அலைநீளம் மூன்றையும் அட்டவணையின் கீழேயே எழுதுங்கள்.

அறிகுறி: கழிவுப் புட்டி சூடாக இருக்கிறது

வேலையை விட்டுவிட்டு விலகுங்கள். அறையில் இருப்பவர்களையும் வெளியேற்றுங்கள். குளோரோஃபார்மும் அசெட்டோனும் சேர்ந்த புட்டியில் சோப்பாக்கப் பயன்படுத்திய பொட்டாஷ் கொஞ்சம் விழுந்தாலே கடும் வினை நடந்து புட்டி வெடிக்கலாம். கொழுப்புக்குக் குளோரோஃபார்ம், நிறமிக்கு அசெட்டோன், சோப்பாக்கக் காரம் என்று மூன்றும் ஒரே மேசையில் இருக்கும் நம் வேலையில்தான் இந்த ஆபத்து மிக அருகில் இருக்கிறது. குளோரினுள்ள கழிவுக்கு ஒரு புட்டி, அசெட்டோனுக்கு வேறு புட்டி, காரத்துக்கு மூன்றாவது. ஒவ்வொன்றின் மீதும் பெயரைப் பெரிய எழுத்தில், எல்லோரும் படிக்கும்படி தமிழில் எழுதி ஒட்டுங்கள்.